ஐஸில் ஏறும் பிள்ளைக்கு முதலில் என்ன சொல்லிக்கொடுப்பது?

கனடாவில் கேன்ஸ்கேட் என்னும் ஆரம்ப ஐஸ் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் இரண்டாவது வாரமே கேட்பார்கள்: "எப்ப ஜம்ப் பண்ணக் காட்டிக் குடுப்பீங்க?" புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கும் இதே அவசரம்தான். விட்டுக்கொடுக்காதீர்கள். முழங்காலை மடக்கவும் பிளேடின் விளிம்பில் நிற்கவும் பழகாத பிள்ளையால் குதிக்க முடியும், இறங்கத்தான் முடியாது.

ஐஸில் கால் வைக்குமுன் ஸ்கேட் சப்பாத்தைப் பாருங்கள். கணுக்கால் உள்பக்கம் சாய்கிறது என்றால் பிள்ளையின் காலில் பலமில்லை என்று வீட்டில் சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் லேஸ் தளர்ந்திருக்கும். விரல்கள் அசைய இடம் வேண்டும், குதிகால் மட்டும் எழும்பவே கூடாது. லேஸை விரல் பக்கம் சற்றுத் தளர்வாகவும், பாதம் மேலே வளைகிற இடத்தில் நன்றாக இறுக்கியும், மேல் கொக்கிகளில் ஒரு விரல் நுழையும் அளவுக்கும் கட்டுங்கள். மேலேயும் இறுக்கினால் முழங்கால் மடங்காது. மெல்லிய காலுறை ஒன்று போதும். கையுறை வேண்டும். ஹெல்மெட்டைப் பற்றிப் பேச்சே இல்லை, கேன்ஸ்கேட்டில் 5ஆம் நிலை வரைக்கும் சி.எஸ்.ஏ. என்ற கனடியத் தர அமைப்பின் முத்திரையுள்ள ஹொக்கி ஹெல்மெட் கட்டாயம், சைக்கிள் ஹெல்மெட் செல்லாது.

முதல் பாடம் விழுவது. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் இடுப்பில் சரிந்து, கைகளை மடியோடு சேர்த்து முஷ்டி பிடிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஐஸில் விரித்த விரல்மேல் இன்னொருவருடைய பிளேடு ஏறிவிடலாம். எழும்புவதற்கு நாலு காலில் வந்து, ஒரு பாதத்தை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, அந்த முழங்காலில் கை ஊன்றி எழவேண்டும். நீங்கள் தூக்கிவிடாதீர்கள். விழுந்தால் எழும்பலாம் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் பாதியாகிவிடும்.

அப்புறம் நின்ற இடத்தில் அணிவகுப்பு நடை, சின்னச் சின்ன அடியாக முன்னே, பிறகு இரண்டு காலில் சறுக்கிக்கொண்டே முழங்காலை மடக்கி நிமிர்வது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் பிள்ளையின் பாரம் உங்கள் கையில்தான் இருக்கும், காலுக்கு எதுவும் போய்ச்சேராது. குதிகாலைச் சேர்த்து, விரல்களை விரித்து, மறுபடி விரல்களைச் சேர்த்து ஐஸில் எலுமிச்சம்பழ வடிவம் வரையச் சொல்லுங்கள். உள்விளிம்பால் தள்ளுவது என்றால் என்ன என்பது விளக்காமலே புரியும். சறுக்கலை நிறுத்தப் பாதங்களின் முன்பக்கம் உள்ளே திரும்ப, குதிகால்களை வெளியே தள்ளி ஐஸைச் சுரண்டவேண்டும். பின்னோக்கிப் போவதும் அதே எலுமிச்சம்பழம்தான், விரல்களுக்குப் பதிலாகக் குதிகால் முதலில் பிரியும், அவ்வளவே.

நேரம் செலவழிக்கவேண்டிய இடம் இனித்தான் வருகிறது. ஒரு காலில் சறுக்கத் தொடங்கியதும் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் பிளேடின் முனையிலுள்ள பற்களால் பின்னால் உதைத்துத்தான் போவார்கள். பார்த்துக் கண்டுபிடிப்பதைவிடக் கேட்டுக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒவ்வொரு அடிக்கும் 'கிறீச்' என்று ஒரு கீறல் சத்தம் வரும். "பல்லால் தள்ளாதே" என்று நூறு தரம் சொன்னாலும் மாறாது. தள்ளுகிற பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து நிற்கச்சொல்லி, முழுப் பிளேடின் உள்விளிம்பும் ஐஸில் பதிந்த பிறகு ஒரே ஒரு தள்ளு, பிறகு இரண்டு எண்ணும் வரை மற்றக் காலில் சறுக்கல். மெதுவாகத்தான் போகும், போகட்டும்.

விளிம்பைக் காட்ட மார்க்கர் பேனா எடுத்துப் போங்கள். ஐஸில் பெரிய வட்டம் ஒன்று வரைந்து அதன்மேல் ஒரு காலில் போகச்சொல்லுங்கள். ஐஸ் புதிதாகப் போட்ட கையோடு செய்தால் நல்லது, பிளேடு விட்ட கோடு தெளிவாகத் தெரியும். பிளேடின் அடியில் நடுவே குழிவாக இருப்பதால் நேராக நின்றால் இரண்டு விளிம்பும் பட்டு இரட்டைக் கோடு விழும், சாய்ந்தால் ஒற்றைக் கோடு. ஒற்றைக் கோடு வருகிறதா என்று பிள்ளையே குனிந்து பார்க்கட்டும். 1990 வரை உலகப் போட்டிகளில் இப்படிப் பிளேடால் கோடு வரைவதற்கே தனியாகப் புள்ளி கொடுத்தார்கள். போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதற்காகப் பயிற்சியிலிருந்தும் எடுக்கவேண்டியதில்லை என்பது என் கட்சி.

அடுத்தது, ஐஸில் '3' என்ற இலக்க வடிவில் கோடு விழும் திருப்பம்: இடது வெளிவிளிம்பில் முன்னே போய், அதே காலில் திரும்பி, உள்விளிம்பில் பின்னே வருவது. திரும்புவது யாருக்கும் கஷ்டமில்லை, திரும்பியபின் சுற்றாமல் நிற்பதுதான் கஷ்டம். திருப்பத்துக்கு முன்பே தோள் வட்டத்தின் உள்ளே திரும்பியிருக்கவேண்டும், பாதத்தின் முன்பகுதியில் திரும்பியதும் தோளை எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்தவேண்டும். முதலில் தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யட்டும்.

இவ்வளவும் வந்தபின் வால்ட்ஸ் ஜம்ப் என்ற எளிய குதிப்பு. ஐஸில் அல்ல, ரப்பர் விரிப்பில், ஸ்கேட் இல்லாமல். இடது காலில் எழும்பி, காற்றில் அரைச் சுற்று, வலது காலில் பின்னோக்கி இறங்கி, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்பது (சிலர் எதிர்ப்பக்கம் சுற்றுவார்கள், அவர்களுக்குக் காலை மாற்றிக்கொள்ளுங்கள்). இறங்கும் நிலையைத்தான் முதலில் பழக்கவேண்டும். ஆக்ஸல் என்ற கடினமான ஜம்ப் என்பதே இதனுடன் இன்னும் ஒரு முழுச் சுற்று, அதனால் இங்கே விடுகிற கோணல் அங்கேயும் கூடவே வரும்.

வகுப்பில் பேச்சைக் குறையுங்கள். நின்றுகொண்டு கேட்கிற பிள்ளைக்குக் குளிரும், குளிர்ந்த பிள்ளை எதையும் கேட்காது. ஒரு வசனம் சொல்லி, செய்துகாட்டி, ஓடவிடுங்கள்.

முடிந்ததும் பிளேடை அவர்களே துடைக்கட்டும், திருகாணி இருக்கும் மூலைவரை. பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும்தான், அதைப் போட்டபடியே பையில் வைத்தால் ஈரம் உள்ளே நின்று துருப்பிடிக்கும், பைக்குள் வைக்கத் துணி உறை போடுங்கள்.