அடிபடாத தலையில் ரத்தக்கட்டா?

வயதானவர் தலையிலோ நெற்றியிலோ ரத்தக்கட்டு மாதிரி ஒரு திட்டு. அடிபட்ட ஞாபகம் இல்லை. இரண்டு மூன்று வாரமாகியும் வடியாமல் ஓரம் பரவுகிறது, சீப்பு பட்டாலே கசிகிறது. அப்படியென்றால் மஞ்சள் பத்தை நிறுத்திவிட்டு தோல் டாக்டரிடம் போங்கள். பாலக்கோட்டில் என் மாமனாருக்கு வந்தது இப்படித்தான். முதலில் பார்த்த கிளினிக்கில் படை என்று ஆயின்மென்ட் எழுதினார்கள். கடைசியில் தெரிந்த பெயர் ஆஞ்சியோசார்கோமா, ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களில் தொடங்கும் புற்றுநோய். மிக அரிது, அதனால்தான் பலருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை.

போவதற்கு முன், திட்டின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள். அடுத்த வாரம் அதே போல இன்னொன்று. "பரவுது சார்" என்று நாம் சொல்வதைவிட அந்த இரண்டு படங்களுக்கு மதிப்பு அதிகம். மாமா குனிந்தால் திட்டு கறுத்துப் புடைக்கும், அதையும் சொன்னோம்.

அப்புறம் பயாப்சி, அதாவது திட்டிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து சோதிப்பது. "கத்தி வெச்சா பரவிடும்" என்று சொந்தக்காரர்கள் தடுப்பார்கள், காதில் வாங்காதீர்கள். சதையை எடுத்துப் பார்க்காமல் இந்த நோயை உறுதி செய்ய வழியே இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் தோலுக்கடியில் இது பரவியிருக்கலாம். அதனால் ஒரே இடம் போதுமா, பல இடத்தில் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் சிடி31, இஆர்ஜி (ரத்தக்குழாய் செல்களை அடையாளம் காட்டும்) சோதனைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கையோடு வாங்கி வையுங்கள், பெரிய மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான்.

எங்கள் தர்மபுரி பக்கத்திலிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை மூன்றுக்கும் போகலாம். பெங்களூருக்கு ரயில் இருக்கிறது, புற்றுநோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் நீங்கள் போகும் மருத்துவமனையில் செல்லுமா என்று கிளம்பும் முன்பே விசாரியுங்கள்.

தலைக்கு எம்ஆர்ஐ, நுரையீரலுக்கு சிடி ஸ்கேன் எடுப்பார்கள். வெட்ட முடிந்தால் அகலமாக வெட்டி, தோல் ஒட்டி, பிறகு கதிர்வீச்சு. திட்டு ரொம்பப் பெரிதென்றால் பாக்லிடாக்சல் என்ற கீமோ ஊசியும் கதிர்வீச்சும். ஊசி போடும் காலத்தில் பாதம் மரத்துப்போகலாம், வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டே நடக்கட்டும். காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இந்தப் புற்றுநோய் நுரையீரலுக்குப் போனால் அங்கிருந்து காற்று கசிந்து திடீரென்று நெஞ்சு வலிக்கலாம், மூச்சு முட்டலாம். அப்போது பஸ்ஸுக்கு நிற்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.