டோக்கியோவுக்குப் படிக்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கும் தவறுகள்

ஜப்பானிய மொழி படிக்க டோக்கியோ போகிறவர்களில் பெரும்பாலானோர் பள்ளியை முதலில் பிடிக்கிறார்கள், பிறகு கையில் இருக்கும் காசுக்கு ஏதோ ஒரு வீடு, மிச்சம் இருந்தால் ஊர் சுற்றல் என்று மூன்றையும் தனித்தனியாக யோசிக்கிறார்கள். அந்த ஊரில் மூன்றும் ஒரே கணக்கு. எந்த ரயில் பாதையில் வீடு எடுக்கிறீர்கள் என்பதே மற்ற இரண்டையும் தீர்மானித்துவிடும்.

வாடகையை மட்டும் பார்ப்பது

மாதம் 60,000 யென் என்று விளம்பரத்தில் பார்த்து, அதோடு ஒரு மாத அட்வான்ஸ் இருந்தால் போதும் என்று கிளம்பி வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திண்டாடுகிறார்கள். ‘ஷிகிகின்’ நம் அட்வான்ஸ் மாதிரி, கழிவு போகத் திரும்பி வரும். ‘ரெய்கின்’ வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம், திரும்பவே வராது. இரண்டும் ஒவ்வொரு மாத வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகருக்கு ஒரு மாத வாடகையும் அதற்கு 10 சதவீத வரியும். ஜாமீன் நிற்க உள்ளூரில் ஆள் இல்லாததால் அதற்கென்று இருக்கும் நிறுவனத்துக்கு அரை மாத வாடகையாவது போகும். முதல் மாத வாடகை, தீ விபத்துக் காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு எல்லாம் சேர்த்தால் அந்த 60,000 யென் வீட்டுக்குள் நுழையவே ஏறக்குறைய 3 லட்சம் யென் ஆகிவிடும். உள்ளே போனால் பல வீடுகளில் விளக்கு இருக்காது, திரைச்சீலை இருக்காது, கேஸ் அடுப்பும் இருக்காது. இரண்டு வருடம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை கேட்பது டோக்கியோவில் வழக்கம்.

அதனால் முதல் மூன்று மாதத்துக்கு ஷேர் ஹவுஸில், அதாவது சமையலறை, குளியலறையைப் பலர் பகிரும் வீட்டில், அறை எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அங்கே பெரும்பாலும் ரெய்கின் கிடையாது, கட்டில் மெத்தை இருக்கும். அந்த முகவரியைப் பதிவு செய்ய விடுவார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். குடியேறிய 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

குடும்பத்தோடு போகிறவர்கள் யு.ஆர். குடியிருப்புகளைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு. அரசு சார்ந்த அமைப்பு அது. இரண்டு மாத ஷிகிகின் உண்டு. ரெய்கின், தரகுக் கூலி, ஜாமீன், புதுப்பிப்புக் கட்டணம் நான்கும் இல்லை. வருமான நிபந்தனை உண்டு. அது பொருந்தாதவர்கள் வாடகையை மொத்தமாக முன்பணமாகக் கட்டவும் வழி இருக்கிறது.

விளம்பரத்தில் ‘நிலையத்திலிருந்து 10 நிமிட நடை’ என்றால் 800 மீட்டர் என்று அர்த்தம். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பதுதான் அங்கே கணக்கு. மேடும் சிக்னலில் நிற்பதும் அதில் சேராது. ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கட்டடம் 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி பெற்றதா என்றும் கேளுங்கள். நிலநடுக்க விதிகளைக் கடுமையாக்கியது அப்போதுதான்.

இன்னொன்று நம் சமையல். தினமும் கடுகு தாளிக்கும் புகையில் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர்த்தாள் ஆறே மாதத்தில் மஞ்சளாகும். காலி செய்யும்போது அதை மாற்றும் செலவு ஷிகிகின்னில் கழியும். புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். குடிபுகுந்த அன்றே சுவர், தரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பாதையைப் பார்க்காமல் வீடு எடுப்பது

மொழிப் பள்ளிகள் நிறைய இருக்கும் இடம் தகதனோபாபா. இந்தியர்கள் கூடி வாழும் நிஷி கசாய், தோசாய் என்ற அதே மெட்ரோ பாதையில் நகரின் மறுபக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாதப் பாஸ் எடுத்தால், இடையிலுள்ள எந்த நிலையத்திலும் கூடுதல் காசில்லாமல் இறங்கி ஏறலாம். குதன்ஷிதாவில் இறங்கினால் சிதோரிகாஃபுச்சி அகழிக்கரையில் சகுரா என்ற செர்ரிப் பூக்கள். தகேபாஷியில் இறங்கினால் பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டம், இலவசம், திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும். மோன்சென் நகாச்சோவில் பழைய கோயில் தெரு. வகுப்பு முடிந்து திரும்பும் வழியிலேயே ஊரைப் பார்த்துவிடலாம். ஆனால் காலை நேரத்தில் தோசாய் பாதை மூச்சு முட்டும். முடிந்தால் மதிய வகுப்பில் சேருங்கள்.

ஜே.ஆர்., டோக்கியோ மெட்ரோ, தோயெய் மூன்றும் வேறு வேறு ரயில் நிறுவனங்கள். மாறி ஏறினால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வெட்டும். 1,000 யென் வாடகை குறைவு என்று மூன்று பாதை மாறும் இடத்தில் வீடு எடுத்தால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

ஜே.ஆர். பாஸ் வாங்கி நாடு முழுக்கச் சுற்றலாம் என்று நினைக்க வேண்டாம். அது குறுகிய காலச் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும், மாணவர் விசாவில் செல்லாது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆகிவிட்டது வேறு. ஷின்ஜுகுவில் இருக்கும் மாநகர அரசுக் கட்டடத்தில் 202 மீட்டர் உயரத்திலிருந்து ஊரையே இலவசமாகப் பார்க்கலாம். ஷின்ஜுகுவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 599 மீட்டர் உயர தகாவோ மலையடிவாரம் போய்விடலாம்.

பேச வந்துவிட்டது என்று நம்புவது

நமக்கு ஜப்பானிய மொழி சீக்கிரம் பிடிபடும். ‘கொஹன் ஒ தபெரு’ என்றால் சோற்றைச் சாப்பிடுகிறேன். அந்த ‘ஒ’ நம் ‘ஐ’ உருபு மாதிரி, வினைச்சொல் கடைசியில். குறில் நெடில் நமக்குப் பழக்கம் என்பதால் ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி என்பதில் தடுமாற மாட்டோம். இந்தச் சுலபமே நம்மைக் கவிழ்க்கிறது. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண்ணே கிடையாது, சொல்லும் இலக்கணமும், படிப்பதும் கேட்பதும்தான். சீன மாணவர்கள் ‘கன்ஜி’ என்ற, சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைப் பாதி அறிந்தே வகுப்புக்கு வருகிறார்கள். 2,136 பொதுப் பயன்பாட்டு கன்ஜி எழுத்துகளை நாம் முதல் நாளிலிருந்து தினமும் எழுதிப் பழக வேண்டும்.

ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். நான் ஒரு பழக்கடையில் நின்று பெர்சிமன் பழம் கேட்டேன். கடைக்காரம்மா முழித்தார், பிறகு சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டார். பழத்தின் பெயரின் நடுவில் வருவது ‘பக்கம்’ என்பதில் வரும் அழுத்தமான ஓசை, இரட்டிக்காமல். ‘தங்கம்’ என்பதில் வரும் ஓசையைப் போட்டால் அது சாவி. என் நோட்டில் இரண்டுமே ‘ககி’ என்றுதான் இருந்தது. அன்று இரவே அந்த நோட்டை மூடிவிட்டு ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதத் தொடங்கினேன்.

பகுதி நேர வேலைக்கு அனுமதி வாரம் 28 மணி நேரம். எத்தனை கடையில் வேலை பார்த்தாலும் மொத்தமே அவ்வளவுதான். பள்ளியின் நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம் வரை போகலாம். வாடகைக்காகக் கூடுதலாக உழைத்து வகுப்பில் தூங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. வருகைப் பதிவு குறைந்தாலும், மணிக்கணக்கு மீறினாலும் விசா புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வார்கள். பேசிப் பழகுவதற்கு வட்டார அலுவலகங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புகளை விசாரியுங்கள். கட்டணம் மிகக் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. எந்தக் கடையில் காய்கறி மலிவு, எந்தத் தெருவில் வீடு காலியாகிறது என்பதெல்லாம் அங்கே வரும் தாத்தா பாட்டிகளுக்குத்தான் தெரியும்.