டேப்லோ: போன ஒர்க்புக்கில் செய்ததை இந்த ஒர்க்புக்குக்குக் கொண்டுவருவது எப்படி?

தரவை வரைபடங்களாகக் காட்டும் டேப்லோ மென்பொருளில் மாதா மாதம் புது ஒர்க்புக் (கோப்பு) திறந்து, அதே லாப விகித ஃபீல்டை (சூத்திரம் எழுதி உருவாக்கும் பத்தியை) மறுபடி எழுதி, அதே சதவீதக் குறியை மறுபடி போட்டு... நானும் வெகுநாள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். தேவையே இல்லை.

முதலில் ஒரு பழக்கம். எண்ணின் வடிவத்தை ஷீட்டில் மாற்றினால் அது அந்த ஷீட்டோடு நின்றுவிடும். ஃபீல்டின் மேல் ரைட் கிளிக் செய்து, டீஃபால்ட் ப்ராப்பர்ட்டீஸ், அதற்குள் நம்பர் ஃபார்மேட் போய் மாற்றுங்கள். இனி அந்த ஃபீல்டை எந்த ஷீட்டில் இழுத்துப் போட்டாலும் அதே வடிவில் வரும்.

ஒரே ஒரு ஃபீல்டுதான் வேண்டுமா? இரண்டு ஒர்க்புக்கையும் திறந்து வையுங்கள். டேட்டா பேனில் (ஃபீல்டுகளின் பட்டியல் இருக்கும் பக்கப் பலகத்தில்) ஃபீல்டை ரைட் கிளிக் செய்து காப்பி. அடுத்ததன் டேட்டா பேனில் பேஸ்ட். சிவப்பு ஆச்சரியக்குறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் சூத்திரம்

சம்([லாபம்]) / சம்([விற்பனை])

என்று இருக்கிறது, புதுத் தரவிலோ அந்தப் பத்தியின் பெயர் 'மொத்த விற்பனை' என்று வைத்துக்கொள்வோம். டேப்லோ 'விற்பனை'யைத் தேடும், கிடைக்காது. காணாமல் போன ஃபீல்டை ரைட் கிளிக் செய்து ரீப்ளேஸ் ரெஃபரன்சஸ் கொடுத்து 'மொத்த விற்பனை'யைக் காட்டுங்கள். அதைச் சார்ந்த எல்லாக் கணக்கும் சரியாகிவிடும். சூத்திரத்தைக் கையால் திருத்தப் போனால் பத்து இடத்தில் திருத்த வேண்டிவரும்.

பல ஃபீல்டுகள் என்றால் டேட்டா சோர்ஸையே (ஒர்க்புக் தரவை எடுக்கும் இணைப்பையே) சேமிப்பதுதான் என் தேர்வு. டேட்டா சோர்ஸ் பெயரில் ரைட் கிளிக், ஆட் டு சேவ்டு டேட்டா சோர்சஸ். இது டிடிஎஸ் என்ற வகைக் கோப்பாகச் சேமிக்கப்படும். அதில் கணக்கிட்ட ஃபீல்டுகள், குரூப்கள், செட்கள், மேலே சொன்ன எண் வடிவம் எல்லாம் சேர்ந்தே போகும். தரவு மட்டும் போகாது. அது இருக்கும் இடத்தின் முகவரிதான் போகும். உங்கள் கணினியிலுள்ள எக்செல் கோப்பை நம்பிய டிடிஎஸ்ஸை இன்னொருவருக்கு அனுப்பினால் அவரிடம் திறக்காது. நான் ஒருமுறை அனுப்பிவிட்டு அரை மணி நேரம் போனில் விழித்தேன். அப்படி அனுப்ப, தரவையும் சேர்த்துக் கட்டும் டிடிஎஸ்எக்ஸ் வகையில் சேமியுங்கள்.

சரி, எழுத்துரு, கோடு, நிழல்? பழைய ஒர்க்புக்கில் நன்றாக அமைந்த ஷீட்டின் தாவலை ரைட் கிளிக் செய்து காப்பி, புதியதில் பேஸ்ட். அப்புறம் அந்தத் தாவலில் காப்பி ஃபார்மேட்டிங். மற்ற ஷீட்டுகளைக் கன்ட்ரோல் அழுத்தித் தேர்ந்து பேஸ்ட் ஃபார்மேட்டிங். கையால் இழுத்து மாற்றிய அகலம், குறிப்புரைகளின் அலங்காரம் போன்றவை வராது. வேலை முடிந்ததும் விருந்தாளி ஷீட்டை நீக்கிவிட்டு, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த டேட்டா சோர்ஸையும் குளோஸ் செய்துவிடுங்கள்.