கோடையில் நியூயார்க் போகிறீர்களா? இரண்டு படங்கள், ஒரு திரையரங்கு

வெயில் காலத்தில் நியூயார்க் செல்பவர்கள், மேற்கு ஹூஸ்டன் தெருவில் இருக்கும் ஃபிலிம் ஃபோரத்துக்கு ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். 1970இல் தொடங்கிய, லாப நோக்கமற்ற திரையரங்கு. புதிய படங்களோடு பழைய படங்களையும் இங்கே திரையிடுகிறார்கள்.

அட்டவணையில் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) தென்பட்டால் விட்டுவிடாதீர்கள். திரையரங்கிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கிரீன்விச் வில்லேஜில் நடக்கும் கதை. புழுக்கம் தாங்காமல் ஒரு தம்பதி ஜன்னலுக்கு வெளியே இருக்கும் அவசரகால இரும்புப் படிக்கட்டில் மெத்தை விரித்துப் படுத்திருப்பார்கள். திடீரென மழை பிடித்துக்கொள்ள, மெத்தையை ஜன்னல் வழியாக உள்ளே இழுக்கப் படாதபாடு படுவார்கள். அந்தச் சில நொடிகளைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். மூலையில் நடப்பவைதான் அந்தப் படத்தின் உயிர். கைப்பேசியில் அவை கண்ணுக்கே தட்டுப்படாது.

அடுத்தது ஸ்பைக் லீயின் 'டூ தி ரைட் திங்' (1989). புரூக்ளினில், கொளுத்தும் ஒரே நாளில் நடக்கிறது. வெப்பத்தை உணர்த்துவதற்காகவே ஒரு சுவர் முழுக்கச் சிவப்புச் சாயம் பூசினார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து மூன்று பேர் ஊர்க்கதை பேசும் காட்சிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. முடிவு கனமானது, சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம்.

அட்டவணையில் '35 மி.மீ.' என்ற குறிப்பு இருந்தால் அந்தக் காட்சிக்கே டிக்கெட் எடுங்கள். அது ஃபிலிம் சுருளிலிருந்து ஓடும் படம். வார இறுதி என்றால் முன்பதிவு செய்துவிடுவது நல்லது.