கவுட் வலி: தட்டில் எதைக் குறைப்பது?

ராத்திரியில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதா? கவுட்டாக, அதாவது யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிவதால் வரும் வாதமாக இருக்கலாம். ரத்தத்தில் யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வைப்பதுதான் இலக்கு.

முதலில் நிறுத்த வேண்டியவை ஈரல், கிட்னி, பீர். நெத்திலி, மத்தியைக் குறையுங்கள். மூட்டுக்கு நல்லது என்று ஆட்டுக்கால் சூப் குடிப்பதுதான் பெரிய தப்பு: வேகும்போது கறியிலுள்ள பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) தண்ணீரில் இறங்கிவிடும். கறி வேண்டுமென்றால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று துண்டோடு நிறுத்துங்கள். சைவக்காரர்களுக்கும் வரும்; குளிர்பானம், பாக்கெட் ஜூஸில் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை யூரிக் அமிலத்தை ஏற்றும்.

பருப்பு, கீரை மீதான பயம் வீண், சாம்பாரை விட வேண்டாம். கொழுப்பு நீக்கிய பாலில் உறையூற்றிய தயிரை மோராக்கி தினம் இரண்டு டம்ளர் குடிக்கலாம். தண்ணீர் 2 முதல் 2.5 லிட்டர், சிறுநீரக, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவே.

எடையை மெதுவாகக் குறையுங்கள். பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் ஏறி வலி திரும்பும். சாப்பாட்டால் மட்டும் குறைவது சுமார் 1 மில்லிகிராம்தான், அதனால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலி நேரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை யூரிக் அமிலம் சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.