நகைக்கடை பில்லை நாமே போட்டுப் பார்ப்பது எப்படி?

வாக்கியக் கணக்கு என்றாலே பிள்ளைகள் கண்ணில் படுகிற எண்களை எல்லாம் உடனே கூட்டவோ பெருக்கவோ ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரியவர்களும் நகைக்கடையில் இதைத்தான் செய்கிறோம். அதனால் நகைக்கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

கணக்கு இதுதான்: இரண்டு பவுன் சங்கிலி. கிராம் விலை ரூ.10,000 (கணக்குக்காக வைத்துக்கொண்ட விலை). சேதாரம் 12 சதவீதம், செய்கூலி ரூ.800, ஜி.எஸ்.டி. 3 சதவீதம். கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

முதலில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை படியுங்கள். கேட்பது மொத்தத் தொகை. அதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து அலகு. விலை கிராமில் இருக்கிறது, எடை பவுனில் இருக்கிறது. ஒரு பவுன் 8 கிராம், எனவே சங்கிலி 16 கிராம். இதைச் செய்யாமல் ஓர் அடிகூட நகர வேண்டாம்.

இப்போதுதான் முக்கியமான இடம். சதவீதம் என்று எங்கே பார்த்தாலும் "எதன் மேல்?" என்று கேளுங்கள். 12-ஐயும் 3-ஐயும் கூட்டி 15 சதவீதம் என்று போட்டால் ரூ.1,60,000-க்கு ரூ.24,000, அதோடு செய்கூலி 800, ஆக ரூ.1,84,800 வரும். பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் தவறு. சேதாரம் தங்கத்தின் எடை மேல் வருகிறது. வரியோ தங்கம், சேதாரம், செய்கூலி எல்லாம் சேர்ந்த தொகை மேல் வருகிறது. இரண்டுக்கும் அடிப்படை வேறு, அதனால் கூட்டக் கூடாது.

சரி, வரிசையாகப் போடுவோம்.

16 கிராமில் 1 சதவீதம் 0.16 கிராம். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 1.92 கிராம். கடையில் இதை "ஒரு கிராம் 920 மில்லி" என்பார்கள்.
தங்கமும் சேதாரமும்: 16 + 1.92 = 17.92 கிராம்.
அதன் விலை: 17.92 × 10,000 = ரூ.1,79,200.
செய்கூலி சேர்த்தால்: ரூ.1,80,000.
வரி 3 சதவீதம்: ரூ.5,400.
மொத்தம்: ரூ.1,85,400.

முதலில் போட்டதற்கும் இதற்கும் ரூ.600 வித்தியாசம். அந்த 600 எங்கிருந்து வந்தது? சேதாரத்துக்கான ரூ.19,200, செய்கூலி ரூ.800 ஆகிய இரண்டுக்கும் சேர்ந்த வரி அது. 20,000-க்கு 3 சதவீதம் போட்டுப் பாருங்கள், சரியாக 600 வரும். தவறு எந்த இடத்தில் நடந்தது என்று இப்படிக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு மறக்கவே மறக்காது. விடையைத் திருத்திக் கொடுப்பதைவிட இதற்கு நேரம் கொடுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. தங்க விலை மட்டும் ரூ.1,60,000. அதோடு 10 சதவீதம் சேர்த்தால் 1,76,000, 20 சதவீதம் சேர்த்தால் 1,92,000. நம் விடை நடுவில் இருக்கிறதா? இருக்கிறது. புள்ளி இடம் மாறியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். கையில் ஒரு லட்சம் இருக்கிறது, செய்கூலி இல்லை, மற்றதெல்லாம் அதே விலை. எத்தனை கிராம் வாங்கலாம்? ஒரு கிராமுக்குச் சேதாரத்தோடு ரூ.11,200, வரியோடு ரூ.11,536. ஒரு பவுனுக்கு ரூ.92,288 போக மீதி ரூ.7,712. அதற்கு எத்தனை மில்லி கிடைக்கும் என்பதை நீங்கள் போட்டுப் பாருங்கள். 668-ஐ ஒட்டி வந்தால் சரி.