மேடை மாறியும் மாறாத வில்: பிடில் வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் பிடிலை நம்பி வாழ்பவர் ஒரே வகை இசையை மட்டும் வாசித்துக் காலம் தள்ள முடியாது. மார்கழியில் சபாக் கச்சேரி, முகூர்த்த நாளில் கல்யாண வரவேற்பு, அடுத்த வாரம் தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் பரதநாட்டிய அரங்கேற்றம், இடையே சௌராஷ்டிர பஜனை, யாரோ ஒருவர் வீட்டு மாடியில் இயங்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் அம்மன் பாடல் என்று உடன் வாசிப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் செய்ததும் பிறர் செய்யக் கண்டதுமான தவறுகளில் பெரும்பாலானவை கைத்திறனின் குறைகள் அல்ல. ஒரு மேடையில் பாராட்டுப் பெற்ற பழக்கத்தை மாற்றாமல் அடுத்த மேடைக்கும் சுமந்து செல்வதால் நேர்பவை.

முதல் தவறு சுருதியில் தொடங்குகிறது. "எத்தனை கட்டை?" என்று அடிப்படைச் சுருதியின் அளவைக் கேட்டுவிட்டு, விடை வந்ததும் தந்திகளை முறுக்கத் தொடங்கிவிடுகிறோம். அது யாருடைய கட்டை என்று கேட்பதில்லை. ஐந்து கட்டை என்பது கீபோர்டில் 392 ஹெர்ட்ஸ். ஆனால் பல பஜனை மடங்களில் இருக்கும் பழைய ஆர்மோனியம் அந்த அளவிலேயே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே சுருதிப் பெட்டியை வைத்துச் சேர்த்துவிட்டுப் போய் உட்காராமல், அன்றைய மேடையில் சுருதியை மாற்ற இயலாத வாத்தியம் எது என்று பார்த்து, அதற்கே சேர்க்க வேண்டும். ஆர்மோனியம் இருந்தால் அதுதான் அளவுகோல். மானாமதுரைக் கடம் வருகிறது என்றால் இன்னும் கவனம் தேவை. சூளையில் வெந்து வந்த பானையின் சுருதியைப் பிறகு பெரிதாக மாற்ற முடியாது என்பதால், பாடகர் கடைசி நேரத்தில் அரைக்கட்டை இறக்கிக்கொண்டால் கடக்காரருக்கு வேறு கடமே தேவைப்படும். முந்தைய நாளே இருவரிடமும் பேசி இதைத் தீர்த்துவைக்கும் பிடில்காரரை எல்லோரும் மீண்டும் அழைப்பார்கள்.

சட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) சேர்ந்துவிட்டால் எல்லாம் சேர்ந்துவிட்டது என்று எண்ணுவதும் தவறே. தம்புராவோடு இயல்பாக இழையும் அந்தர காந்தாரம் ('க' சுரத்தின் உயர்ந்த வகை), ஆர்மோனியத்திலும் கீபோர்டிலும் உள்ள காந்தாரத்தைவிட ஓர் அரைச்சுரத்தின் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத் தாழ்ந்தது. சங்கராபரண ராகத்தில் அந்தக் காந்தாரத்தைக் கச்சேரியில் வாசிப்பது போலவே கீபோர்டுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தால், பிடில்தான் சுருதி குறைந்து ஒலிக்கிறது என்று கேட்பவர் நினைப்பார். நீண்டு நிற்கும் சுரங்களில் விரலைச் சற்றே ஏற்றிக்கொள்ள வேண்டும். மறுநாள் சபாவில் அதை இறக்கிவிடவும் மறக்கக் கூடாது.

சபாக் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிப்பவர் செய்யும் தவறு, பெரும்பாலும் பாட்டைத் தெரிந்து வைத்திருப்பதால் வருவது. அடுத்த சங்கதி, அதாவது ஒரே வரியை மாற்றிப் பாடும் அடுத்த வகை, நமக்குத் தெரியும். அதனால் பாடகருக்கு முன்பே வில் ஓடிவிடுகிறது. அவர் அன்று அந்தச் சங்கதியைப் பாடாமல் விட்டுவிட்டால் நம் வாசிப்பு தனியே நின்றுவிடும். ராக ஆலாபனையில் பாடகர் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட நம் முறை நீண்டுவிடக் கூடாது. செய்யுளை ராகத்தில் விரித்துப் பாடும் விருத்தத்தில் தாளத்தின் துணை இல்லை. எனவே சொல் எங்கே முடிகிறது என்று காத்திருந்து, முடிந்த இடத்தில் நின்ற சுரத்தையே முதலில் தொட வேண்டும். பாடகர் மதுரை சோமுவின் பழைய ஒலிப்பதிவுகளில் விருத்தங்களை மட்டும் கேட்டுப் பழகினால், சொல் எங்கே மூச்சு வாங்குகிறது என்பதை எந்தப் பாடத்தைவிடவும் தெளிவாக அறியலாம். பாட்டுக்கு நடுவே மொழி தெரியாமல் வில்லை இழுப்பதும் இதோடு சேர்ந்த குறைதான். பக்திக் கவிஞர் நடனகோபால நாயகி சுவாமிகளின் சௌராஷ்டிரப் பாடல்களுக்கு வாசிக்கப் போகிறவர், அந்த மொழி பேசும் நண்பரிடம் பொருளை ஒருமுறை கேட்டுக்கொள்வது அந்தப் பாடல்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

நாட்டியத்தில், அபிநயத்துக்கான பாடலாகிய பதத்தின் ஒரே வரி எட்டு முறை வரும்; எட்டு முறையும் புதுச் சங்கதி போட்டால் அபிநயத்தின் மீது நாம் ஏறி நிற்கிறோம் என்று பொருள். பார்வை, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரிடம் இருக்கட்டும். மெல்லிசைக் குழுவில் வேறு வகை ஒழுக்கம் வேண்டும்: இடையிசையை மூலப் பாட்டில் உள்ளபடியே, தேவையற்ற கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) சேர்க்காமல் வாசிக்க வேண்டும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் மேடைப் பழக்கம் மிக அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். மேடையில் தவிலுக்கும் கூட்டத்தின் இரைச்சலுக்கும் ஈடுகொடுக்க அழுத்தி இழுத்த வில், மைக்கின் அருகில் கரகரப்பாகவே பதிவாகும். மைக்கை, தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு மிக அருகில் வைத்தால் தந்தியில் விரல் வழுக்கும் ஓசையும் மூச்சும் சேர்ந்து விழும். நாம் தரையில் அமர்ந்து, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்பகுதியை இடப்பக்க மார்பில் சாய்த்து வாசிக்கிறோம். நின்று வாசிப்பவருக்காகத் தலைக்கு மேலே நிறுத்திய மைக் நமக்குப் பொருந்தாது. முன்புறம் மார்பு உயரத்தில், ஓர் அடியிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துக் கேட்டுப் பார்க்கும்படி பதிவாளரிடம் பணிவாகச் சொல்லலாம். விரலில் தடவும் எண்ணெய் வில்லின் மயிரில் படாமல் துணியால் துடைத்துக்கொள்வது, மேடையில் எவ்வளவு அவசியமோ அதைவிட இங்கே அவசியம். ஹெட்போனில் தன் பிடிலை மட்டும் உரக்க வைத்துக் கேட்பவர், தாளத்தையும் சுருதியையும் ஒருசேர இழப்பார். குரலும் சுருதியும் முன்னே இருக்க, நம் ஒலி பின்னே இருக்க வேண்டும். ஆடி மாதத்தில் பகல் நேரப் பதிவுக்கு ஒப்புக்கொள்ளுமுன், அந்தத் தெருவில் கோயில் ஒலிபெருக்கி உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாக் காலத்தில் பிடிலைப் பூட்டிய காருக்குள் விட்டுச் சென்றால், பலகைகளை ஒட்டியிருக்கும் பசை இளகி விளிம்பு பிரிந்துவிடும். சாப்பிடப் போனாலும் பெட்டி தோளில் இருக்கட்டும்.

கடைசியாக, வாய்ப்பேச்சோடு பதிவுக்கு உட்காரும் தவறு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பக்தித் தொகுப்புக்காக அரை நாள் வாசித்து, சன்மானத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அதே இடையிசை பின்னர் நான் கேள்விப்படாத வேறொரு தொகுப்பிலும் ஒலித்தது. என் கையில் ஒரு தாள்கூட இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 38ஆம் பிரிவில், நிகழ்த்துபவருக்கு 50 ஆண்டுகள் உரிமை தருகிறது என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. எந்தப் பாட்டுக்கு, எந்த வெளியீட்டுக்கு, எவ்வளவு தொகைக்கு வாசிக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். நாமே தொகுப்பு வெளியிடும்போதும் இதே கவனம் வேண்டும்: 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் என்ற கணக்குப்படி, 2033ஆம் ஆண்டின் முடிவு வரை உரிமை நிலைத்திருக்கிறது.